கூட யார் வந்திருக்காங்க?

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. புதுச்சேரியில் நூறடி ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு கருத்தரிப்பு மையத்தின் முதல் மாடியில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு மயக்க மருந்து கொடுத்துக் கருமுட்டை எடுக்கப் போகிறார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. குழந்தை வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து அங்கே போயிருந்தேன். ஆடியில் இந்த மாதிரி சிகிச்சைக்கெல்லாம் ஆட்கள் அதிகம் வர மாட்டார்கள், தெரிந்தவர்கள் கண்ணில் பட மாட்டோம் என்பது என் நினைப்பு.

எங்கள் வீடும் அதே ஊரில்தான், முத்தியால்பேட்டையில். அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு கிடைத்த வேலையையெல்லாம் செய்தார், கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். வாராவாரம் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தம்பி படித்து முடித்து பெங்களூருவில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். நான் உள்ளூரிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை கம்பெனியில் சேர்ந்து, பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் ஆனேன். வரன்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் சுற்றி வளைத்து ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள், கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்ளணுமா என்று. ஆமாம் என்றேன். எழுந்து போனார்கள்.

அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்போது வந்த வரன்கள் எல்லாம் மனைவியை இழந்தவர்கள். அதில் ஒருவர் தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். நாலு வயசு இருக்கும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை நேராக வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி விளையாட ஆரம்பித்தது. தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டது. அந்தச் சம்பந்தம் என்ன காரணத்தாலோ கூடி வரவில்லை. அந்த மனிதரின் முகம் இப்போது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அன்று இரவு படுத்தபோது என் மடி காலியாக இருக்கிறது என்று தோன்றியது பாருங்கள், அது மட்டும் மறக்கவே இல்லை. எனக்கு வேண்டியது புருஷன் இல்லை, பிள்ளை என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

அதற்கப்புறம் நிறைய விசாரித்தேன். தனியாக இருக்கிற பெண்ணும் தத்தெடுக்கலாம், ஆனால் ரொம்பக் காலம் காத்திருக்க வேண்டி வரும் என்றார்கள். அதற்கும் பதிவு செய்து வைத்தேன். ஒருநாள் கேன்டீனில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கல்யாணம் ஆகாத பெண்ணும் செயற்கை முறையில் கருத்தரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று படித்தேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார லீவு நாளிலேயே மருத்துவமனைக்குப் போனேன். பெண் டாக்டர். திருமணம் ஆகவில்லை என்று சொல்லும்போது என் குரல் இறங்கிப் போனது. அவர் பேனாவைக் கீழே வைக்கக்கூட இல்லை, சரி என்று எழுதிக்கொண்டே போனார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. அப்புறம் பொறுமையாக விளக்கினார். அங்கீகாரம் பெற்ற வங்கியிலிருந்து தானமாக வந்த விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது எளிமையான முறை. அது சரிப்படாவிட்டால் ஊசி போட்டுக் கருமுட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, சோதனைக் கூடத்தில் கருவாக்கி, திரும்ப உள்ளே வைப்பது. என் முட்டை சரியில்லை என்றால் தானமாகக்கூட வாங்கலாம். வாடகைத்தாய் மட்டும் முடியாது, சட்டப்படி அது கல்யாணமே ஆகாதவர்களுக்குக் கிடையாது என்றார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, என்னிடம் முட்டை இருப்பு வயசுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது, யோசித்துக்கொண்டே இருந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

கவுன்சலிங் என்று இன்னொரு அறையில் உட்கார வைத்தார்கள். தானம் கொடுத்தவரின் பெயரோ ஊரோ சொல்ல மாட்டார்கள், ரத்த வகை, உயரம், நிறம் இந்த மாதிரி சிலது மட்டும் கேட்கலாம் என்றார் அங்கிருந்த பெண். “நல்லா சிரிக்கிறவரா இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிகிச்சை நாட்களில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான். குழந்தை பிறந்தால் துணைக்கு யார் என்று கேட்டதற்கு, அம்மா இருக்காங்க என்றேன். அம்மாவிடம் நான் அதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

முதலில் எளிமையான முறையில்தான் முயன்றார்கள். கூடவில்லை. அது தெரிந்த அன்று கம்பெனி பாத்ரூமில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகத்தைக் கழுவி, தலைக்கு வலையை மாட்டிக்கொண்டு திரும்பவும் வேலைக்குப் போனேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஜலதோஷமா என்று கேட்டார்கள். இல்லாத ஒன்றுக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

அடுத்துதான் இந்த ஊசி சிகிச்சை. ஷிப்ட் முடிந்து தினமும் மருத்துவமனைக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். அப்படி ஒருநாள் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் வந்து உட்கார்ந்தார்கள். தவளக்குப்பம் ஜங்ஷனில் அவர்களுக்குக் கடை இருக்கிறதாம். மாமியார் நன்றாகப் பேசினார். மருமகளுக்கு இருபத்தெட்டு வயசுக்குள் இருக்கும், தலையைக் குனிந்துகொண்டு கையில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரர் வரவில்லையா என்று அந்த அம்மா கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அன்றைக்கு என்னவோ பொய் சொல்ல வரவில்லை. கல்யாணம் ஆகலம்மா, எனக்காகத்தான் வந்திருக்கேன் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார். மருமகளும் பின்னாலேயே போனாள். அங்கே உட்கார்ந்த பிறகு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல், அவமானத்தில் நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன். கருமுட்டை எடுக்கும் நாள். நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “கூட யார் வந்திருக்காங்க?” என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். மயக்க மருந்து கொடுப்பதால் கூட ஒருத்தர் கட்டாயம் இருந்தாகணும், முன்னாடியே சொன்னோமே என்றார். சொன்னார்கள்தான். ஆட்டோவில் போய்க்கொள்ளலாம், எப்படியாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் அலட்சியமாக இருந்துவிட்டேன். உண்மையில் கூப்பிட எனக்கு யாரும் இல்லை. தம்பியிடம் சொல்ல முடியாது. கம்பெனியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அம்மாவுக்கு போன் போட எடுத்தேன், திரும்பப் பையிலேயே வைத்துவிட்டேன்.

நர்ஸ் சங்கடத்தோடு டாக்டரிடம் கேட்டு வந்தார். கடைசி ஊசி போட்ட நேரத்திலிருந்து கணக்குப் பண்ணித்தான் முட்டையை எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடும், யாரையாவது சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். அத்தனை ஊசியும் போட்டு, இத்தனை தூரம் வந்து, கூட நிற்க ஓர் ஆள் இல்லாமல் இது போகப் போகிறதே என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். “நான் இருக்கேன் சிஸ்டர். இவங்க கூட வந்தது நான்தான்.”

திரும்பிப் பார்த்தால் அந்தத் தவளக்குப்பத்து மருமகள். அன்றைக்கு அவள் தனியாக வந்திருந்தாள். ஸ்கேனுக்காகக் கணவர் இறக்கிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். நர்ஸுக்கும் அவள் யார் என்று தெரியும். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் அங்கேயே என் முன்னால் கணவருக்கு போன் செய்து, ஸ்கேனுக்குக் கூட்டமா இருக்கு, முடிய மத்தியானம் ஆகும், நானே பஸ்ஸில் வந்துடறேன் என்று சொன்னாள். என் கைப்பை, செருப்பு, கழற்றிய கம்மல் எல்லாவற்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது அடிவயிறு கனமாக வலித்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். ஏன் எனக்காக இதெல்லாம் செய்கிறாய் என்று நாக்கு குழறக் கேட்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கல்யாணம் ஆகி ஆறு வருஷமா என்னைக் கூட்டிட்டு வராங்கக்கா. எனக்குப் பிள்ளை வேணுமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. நீங்க உங்களையே கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து நானும் என்னைக் கேட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

என்ன பதில் வந்தது என்று கேட்டேன். வேணும்தான்க்கா என்றாள். அதைச் சொல்லும்போது ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்ட மாதிரி அவள் முகம் மாறியது. அவங்களுக்காக இல்ல, எனக்கே வேணும், ரொம்ப வேணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அந்த அறையில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் ஒரே பசியோடு இருந்தோம். ஊர் அவளை ஒரு மாதிரியும் என்னை ஒரு மாதிரியும் பார்க்கும், அவ்வளவுதான்.

மத்தியானம் அவளே ஆட்டோ பிடித்து என்னை முத்தியால்பேட்டை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். வேண்டாம், தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. வாசலில் அம்மா. என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே படுக்க வைத்துவிட்டு, என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அவள் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

“முட்டை எடுத்து முடிஞ்சுதும்மா. இன்னைக்குப் பூரா நல்லா ரெஸ்ட் எடுக்கணும். வயிறு ரொம்ப வலிச்சா உடனே போன் பண்ணச் சொன்னாங்க.”

“என்ன முட்டை?” என்றார் அம்மா.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மன்னிச்சிடுங்கக்கா என்று என் காதருகே சொன்னாள். போன் நம்பர் கேட்டேன். வேணாம்க்கா, போனை மாமியார் எடுத்துப் பார்ப்பாங்க என்றாள். கிளம்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை போனபோது நர்ஸிடம் விசாரித்தேன், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குறுக்கே பேசவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய் ரசம் வைத்து, குழையக் குழையச் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். வெந்நீர் வரும். வார்த்தை வராது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் குக்கர் விசில் சத்தம்தான் பெரிய சத்தம். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அந்த மௌனத்தில், நான் செய்தது அத்தனை பெரிய தப்போ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரை எடுக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்றார்.

“ஏண்டி, ஆடி முடியட்டும்னு இருக்கக் கூடாதா? இப்ப உண்டானா சித்திரையிலதான் பொறக்கும். அந்த வெயிலைப் பச்சப் புள்ள எப்படித் தாங்கும்?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு தேற வேண்டும் என்பதற்காகக் கருக்களை உறைநிலையில் வைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம்தான் உள்ளே வைப்பார்கள் என்று சொன்னேன். அப்போ ஆவணியா, அப்போ சரி என்றார். என்னவோ நல்ல நாள் குறித்த மாதிரி.

அதற்கப்புறம் அம்மாவின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. யாராவது அப்பா யார் என்று கேட்டால், மாப்பிள்ளை பிரான்சில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா, நம் ஊரில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஒருநாள் யோசனை சொன்னார். வேண்டாம்மா, என் பிள்ளை பொய்யோடு பிறக்க வேண்டாம், நான்தான் அம்மா, அப்பா கிடையாது என்றே சொல்லி வளர்ப்பேன் என்றேன். இன்னொரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, நான் போனப்புறம் நீ ஒருத்தியா இருக்கக் கூடாதுன்னுதான் இதெல்லாம் பண்றியா என்றார். அதற்காக இல்லம்மா, எனக்கு ஒரு பிள்ளையை வளர்க்கணும், குளிப்பாட்டி, தலை வாரி, ஸ்கூலுக்கு அனுப்பணும், அவ்வளவுதான் என்றேன்.

ஆவணியில் கருவை உள்ளே வைத்த நாளில் நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டபோது, “நான் அவ அம்மா” என்று எனக்கு முன்னால் அம்மா எழுந்து நின்றார். திரையில் அரிசி மணிபோல ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டினார்கள். அதுதான் என்றார் டாக்டர். அதற்கப்புறம் வந்த நாட்களில் நான் மெதுவாக நடந்தேன், மெதுவாகத் திரும்பிப் படுத்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அதோடு பேசினேன். எனக்கு என்ன பிடிக்கும், எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், கடல் எந்தப் பக்கம் என்றெல்லாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தங்கவில்லை.

நான் டாக்டர் முன்னால் அழவில்லை. ஆட்டோவிலும் அழவில்லை. வீட்டில் அம்மாவைக் காணோம் என்று மாடிக்குப் போனேன். கொடி முழுக்க வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, கஞ்சிப் பசை போக அலசிக் காயப் போட்டிருந்தார் அம்மா. குழந்தைக்குக் கட்டுவதற்கு. எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாகத் தைத்தாரோ. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா செத்த அன்றைக்குக்கூட அப்படி அழாத என் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“எனக்கும் ரொம்ப ஆசையா இருந்துச்சுடி” என்றார்.

நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருமாகத் துணிகளை எடுத்து மடித்தோம். கரித்துணிக்கு எடுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்.

இன்னும் இரண்டு கருக்கள் பத்திரமாக இருக்கின்றன என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். உடம்பு தேறிவிட்டது, அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். கிடைக்குமா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? இப்போதும் பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பிஞ்சு விரலைத் தொட்டுப் பார்க்கத் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் முன்பெல்லாம் என் ஏக்கத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி மறைத்து வைத்திருந்தேன். முன்பின் பழகாத ஒருத்தி அன்றைக்கு எனக்காக எழுந்து நின்றதிலிருந்து அதைச் சுமக்க வீட்டில் நானும் அம்மாவுமாக இரண்டு பேர் இருக்கிறோம், குறையாவிட்டாலும் அது இப்போது தூக்க முடிகிற பாரமாக இருக்கிறது.